மகளை ஓராண்டு அக்கா வீட்டில் விட்டுப் போகிறோம், சட்டப்படி என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். நான் தஞ்சாவூர் பக்கம், நர்ஸ் வேலை. வீட்டுக்காரர் மூன்று வருடமாக மஸ்கட்டில் இருக்கிறார். இப்போது எனக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவளுக்கு விசா எடுத்துக் கூட்டிப்போக ஓராண்டாவது ஆகும். அதுவரை திருச்சியில் என் சொந்த அக்கா வீட்டில் இருப்பாள். அக்காவுக்கு இவள் என்றால் உயிர், இவளுக்கும் பெரியம்மா என்றால் போதும், சோறுகூட வேண்டாம்.

ஆனால் பள்ளியில் சேர்க்க, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக, எங்காவது கையெழுத்துப் போட, அக்காவிடம் என்ன இருக்கிறது? கேட்ட இடத்தில் எல்லாம் ஒவ்வொரு பதில். கோர்ட்டில் கார்டியன் உத்தரவு வாங்கு என்கிறார் ஒருவர். முத்திரைத்தாளில் நாலு வரி போதும் என்கிறார் இன்னொருவர். அக்காவின் மாமியார், "தத்துப் பத்திரமே எழுதிவிடுங்கள், எல்லாத் தொல்லையும் ஒரே நாளில் தீர்ந்துவிடும்" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னை மைந்தன்

சொந்த அக்காவுக்கு எதற்குப் பத்திரம் சகோதரி? நான் ஒன்பதாவது வரை பாட்டி வீட்டில் வளர்ந்தவன். அப்பா அம்மா இருந்தது சூரத்தில். ஒரு துண்டுச் சீட்டு எழுதவில்லை. பத்திரம் என்று எடுத்தால் அக்கா மனது புண்படும்.

தேவகி சித்தி

மன்னைத் தம்பி, நானும் அப்படித்தான் நினைத்தேன். என் தங்கை மகன் ஒன்றரை வருடம் என்னிடம் இருந்தான். அவர்கள் இருவரும் தோஹாவில். எந்தக் காகிதமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. கை வளைந்து தொங்குகிறது, பையன் அழக்கூட இல்லை, உதடு வெளுத்துப் போய் என்னையே பார்க்கிறான். ஊரில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், கட்டைவைத்துக் கட்டினார்கள். அதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மயக்கமருந்து கொடுத்து எலும்பைச் சேர்த்துக் கம்பி வைக்க வேண்டும் என்றதும் ஒரு படிவத்தை நீட்டினார்கள். "தாய் / தந்தை / பாதுகாவலர்" என்று ஒரு கோடு. நான் பெரியம்மா என்றேன். "அம்மாவோ அப்பாவோ இல்லையா? நீங்கள் யார் என்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். தங்கைக்கு போன் போட்டால் எடுக்கவில்லை, டியூட்டியில் இருக்கிறாள். மச்சானுடைய போன் அணைந்திருக்கிறது. ஏழு மணியிலிருந்து ஒன்பதே கால் வரை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல் நுனி சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் தங்கை வீடியோவில் வந்து டாக்டரிடம் பேசி, வாட்ஸாப்பில் எழுதி அனுப்பிய பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்கள். கை இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டே கால் மணி நேரம் வேறு யாருக்கும் வரக் கூடாது.

காவிரிக்கரை, எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்மா. அக்கா மனது புண்படாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் புண்படும்.

நீதிமன்றத் தெரு

சிவில் வக்கீல், 22 வருடம் ஆகிறது. இந்த விஷயத்தில் தப்பான பத்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தத்து. அதைத் தொடவே தொடாதீர்கள். 1956-ம் வருட இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, முறையாக நடந்த தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது. கொடுத்தவரும் முடியாது, எடுத்தவரும் முடியாது. உங்கள் மகள் சட்டப்படி அக்காவின் மகளாகிவிடுவாள், உங்கள் வீட்டு வாரிசு உரிமை அறுந்துவிடும். ஓராண்டுக்கு ஒரு கை கொடுக்கச் சொல்லி, பிள்ளையையே கொடுத்துவிட்டு வருவதாக ஆகும். பெரியவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் இது தீர்வே இல்லை.

அடுத்தது கோர்ட் கார்டியன். 1890-ம் வருட பாதுகாவலர், பாதுகாக்கப்படுவோர் சட்டத்தின் கீழ், பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்குவது. பெற்றோர் இருவரும் நல்லபடியாக, ஒற்றுமையாக இருந்து, ஓராண்டு வெளியே போகும்போது அது தேவையில்லை. பெற்றோர் இறந்துவிட்டாலோ, காணாமல் போனாலோ, பிள்ளை பெயரில் சொத்து இருந்து அதைக் கையாள வேண்டியிருந்தாலோ அந்த வழி. மாதக்கணக்கில் இழுக்கும் என்பதோடு, அப்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலர் கோர்ட் அனுமதி இல்லாமல் பிள்ளையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 26-வது பிரிவு இருக்கிறது. பிறகு மஸ்கட்டுக்குக் கூட்டிப்போகும்போது அதுவே தடையாக நிற்கும்.

உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. பெற்றோர் தங்கள் பொறுப்பைத் தாங்களே வைத்துக்கொண்டு, அன்றாடப் பராமரிப்பை மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவரிடம் ஒப்படைக்கும் சிறப்பு அதிகாரப் பத்திரம். பேச்சில் ஸ்பெஷல் பவர் என்போம்.

இதற்கு நம் மெட்ராஸிலேயே நூறு வருடப் பழைய வழக்கு உண்டு. 1910-ல் அடையாறில் நாராயணையா என்பவர் தன் இரண்டு மகன்களின் பாதுகாப்பையும் படிப்பையும் அன்னி பெசன்ட் அம்மையாரிடம் எழுதி ஒப்படைத்தார். மூத்த பையன்தான் பின்னாளில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. இரண்டு வருடத்தில் தகப்பனாருக்கு மனம் மாறிவிட்டது, பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டார், வழக்கானது. சென்னை உயர் நீதிமன்றம் 1913-ல் தகப்பனார் பக்கம் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் அப்போது இங்கிலாந்தில் இருந்ததால் அந்த வழக்கை இங்கே போட்டதே செல்லாது என்று 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் (அன்று நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடம்) அதைத் தள்ளிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு சொன்ன ஒரு விஷயம் இன்றும் நிற்கிறது. பாதுகாவலர் என்பது ஒரு பொறுப்பு, தகப்பன் உயிரோடு இருக்கும்போது அதை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. வளர்ப்பையும் படிப்பையும் ஒப்படைக்கலாம், ஒப்படைத்ததைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். திரும்ப எடுக்கும்போது பிள்ளையின் நலனைக் கோர்ட் பார்க்கும்.

ஆகவே உங்கள் காகிதத்தின் பெயர் என்னவானாலும், சட்டத்தின் பார்வையில் நீங்கள்தான் பெற்றோர், அக்கா உங்கள் ஒப்புதலோடு பிள்ளையை வைத்திருப்பவர். நீங்கள் கேட்பதும் அதுதானே.

காவிரிக்கரை

ஐயா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். தத்து என்ற பேச்சு இனி இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். பவர் பத்திரம் என்பது நிலம், வீட்டுக்குத்தானே? அதைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொள்வார்களா?

நீதிமன்றத் தெரு

நல்ல கேள்வி. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காக யார் சம்மதம் கொடுக்கலாம் என்று குற்றவியல் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 89-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 27. பாதுகாவலர், அல்லது சட்டப்படி பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர். இந்த இரண்டாவது வார்த்தைதான் அக்காவுக்குரியது. தான் அப்படிப் பொறுப்பில் வைத்திருப்பவர் என்பதற்கு அத்தாட்சி அந்தப் பவர் பத்திரம்.

உயிருக்கு ஆபத்து என்றால் காகிதம் எதுவும் இல்லாமலே சிகிச்சை கொடுத்தாக வேண்டும். 1989-லேயே உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் அரசு, தனியார் இரண்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டது. சிக்கல் வருவது தேவகி அம்மா சொன்ன மாதிரி நடுத்தர நிலையில்தான். உயிர் போகாது, ஆனால் மயக்கமருந்து வேண்டும், மருத்துவர் தன்னைக் காத்துக்கொள்ளக் கையெழுத்துக் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி:

"எங்கள் மகள் (பிறப்புச் சான்றிதழில் உள்ள முழுப் பெயர், பிறந்த தேதி) இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, என் உடன்பிறந்த சகோதரி (பெயர், வயது, முகவரி, ஆதார் கடைசி நான்கு எண்கள்) பொறுப்பில் அவர் வீட்டில் இருப்பாள். இக்காலத்தில் அவளைப் பள்ளியில் சேர்க்கவும், பள்ளியிலிருந்து அழைத்து வரவும், மாற்றுச் சான்றிதழ் பெறவும், தடுப்பூசி, மயக்கமருந்து, அறுவை உட்பட எல்லா மருத்துவ சிகிச்சைக்கும் சம்மதக் கையெழுத்திடவும், மருத்துவ அறிக்கைகளைப் பெறவும் அவருக்கு அதிகாரம் அளிக்கிறோம். இயற்கைப் பாதுகாவலர் என்ற எங்கள் உரிமையும் கடமையும் எங்களிடமே இருக்கின்றன. இந்த அதிகாரத்தை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். மகளின் பெயரிலுள்ள சொத்தையோ வங்கிப் பணத்தையோ கையாள இதில் அதிகாரம் இல்லை."

அவ்வளவுதான். கூடவே அக்கா சம்மதித்து ஒரு கையெழுத்து, இரண்டு சாட்சி, எல்லோருக்கும் புகைப்படம். "எல்லாக் காரியங்களும் செய்ய" என்று மொத்தமாக எழுதாதீர்கள். அதைப் பார்க்கிற மருத்துவருக்கோ தலைமையாசிரியருக்கோ தன் காரியம் அதில் இருக்கிறதா என்று தெரியாது. 'அறுவை', 'மயக்கமருந்து' என்ற வார்த்தைகளே கண்ணில் பட வேண்டும்.

சொத்து சம்பந்தம் இல்லாததால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. நோட்டரி முன் கையெழுத்திட்டால் போதும். நோட்டரி முன் எழுதிய பவரை முறைப்படி எழுதியது என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளும், சாட்சியச் சட்டத்தில் அப்படி இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நேரில் போக வேண்டும். கையெழுத்திட்ட தாளை யாரிடமாவது கொடுத்தனுப்பி முத்திரை குத்தி வாங்குவது வேண்டாம்.

ஒட்டகப்பாதை

ஓமனில் 11 வருடமாக இருக்கிறேன், அதனால் வீட்டுக்காரர் பக்கத்தை நான் சொல்கிறேன். பெற்றோர் இருவர் கையெழுத்தும் கட்டாயம் வேண்டும். 1956-லேயே வந்த இன்னொரு சட்டமான இந்து சிறார், பாதுகாவலர் சட்டத்தில் இந்துப் பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலர் முதலில் தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்று எழுதியிருப்பதால், தாய் மட்டும் கையெழுத்திட்டால் சில இடங்களில் இழுப்பார்கள். (1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'பிறகு' என்றால் தகப்பன் இறந்த பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாய் பாதுகாவலர்தான் என்று சொன்னது. கவுன்ட்டரில் நின்று அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது, கையெழுத்தே வாங்கிவிடுங்கள்.)

அவர் ஊருக்கு வர வேண்டாம். அதே வாசகத்தை அச்செடுத்து, மஸ்கட்டில் இந்தியத் தூதரகச் சேவைக்கு நேரம் வாங்கி, அங்கே போய் அலுவலர் முன் கையெழுத்திட்டால் சான்றொப்பம் இடுவார்கள். முன்கூட்டியே வீட்டில் கையெழுத்திட்டுக் கொண்டுபோகக் கூடாது. நான் முதல் தடவை அப்படிப் போய்த் திரும்பி வந்தேன், ஒரு நாள் சம்பளம் போயிற்று. அசல் தாள் இந்தியாவுக்கு வந்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும், கூரியர் உறையைப் பத்திரமாக வையுங்கள். பதிவுத் துறை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இன்னொன்று, பாஸ்போர்ட். சிறு பிள்ளை பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான். உங்கள் மகளுடையது இந்த ஓராண்டில் முடிகிறதா என்று இன்றே பாருங்கள். முடிவதானால் நீங்கள் இங்கே இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். பெற்றோர் இருவரும் வெளிநாட்டில் இருந்தால் அதற்கென்று தனி உறுதிமொழியைத் தூதரகத்தில் போட்டு அனுப்ப வேண்டும். அக்கா கையில் இருக்கும் பவர் அதற்கு உதவாது.

பழைய தலைமையாசிரியர்

பள்ளியைப் பற்றி நான் சொல்கிறேன், 31 ஆண்டு அந்த நாற்காலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் 'பாதுகாவலர்' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் பாருங்கள். பிள்ளையைக் கவனித்துத் தன்னிடம் வைத்திருப்பவர் எவரோ அவர், இயற்கைப் பாதுகாவலரும் கோர்ட் நியமித்தவரும் அதில் அடக்கம். அதாவது எட்டாம் வகுப்பு வரை அக்காவே பாதுகாவலராக நின்று சேர்க்கலாம். கோர்ட் உத்தரவு கொண்டு வா என்று பள்ளி கேட்க இடமில்லை. டி.சி. தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது.

சட்டம் அப்படி. நடைமுறைக்கு ஒரு வார்த்தை: நீங்கள் கிளம்புவதற்கு முன் அக்காவும் நீங்களும் பிள்ளையும் மூவருமாகப் புதுப் பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியரை ஒரு தரம் பாருங்கள். எமிஸ் எனும் அரசின் கணினி மாணவர் பதிவில் அம்மா அப்பா பெயர் மாறக் கூடாது, தொடர்பு எண் மட்டும் அக்காவுடையதாக இருக்கட்டும். சேர்க்கைப் படிவத்தில் தாய் பெயர் இருக்கும் இடத்தில் பெரியம்மா பெயரை எழுதிவிட்டு, பத்தாம் வகுப்பில் திருத்த அலைந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். மாலையில் யார் அழைத்துப் போவார்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அதில் அக்கா, அத்தான் இருவர் பெயர் போதும்.

நாகூர் கடல்

இடையில் ஒரு கேள்வி. நாங்கள் முஸ்லிம்கள். 1956 சட்டம் எங்களுக்கு இல்லையே. என் தம்பி மகனை நான் வைத்துக்கொள்ளப் போகிறேன். இதே மாதிரி எழுதலாமா?

நீதிமன்றத் தெரு

எழுதலாம். 1956 சட்டம் உங்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தாது, ஆனால் 1890 சட்டம் எல்லோருக்கும் பொது. அதில் 'பாதுகாவலர்' என்பதன் விளக்கமே, பிள்ளையின் கவனிப்பைத் தன்னிடம் வைத்திருப்பவர் என்று அகலமாக இருக்கிறது. தகப்பனார் கையெழுத்து முக்கியம், தாயாரும் சேர்ந்து போடட்டும். வாசகம் மாற வேண்டியதில்லை.

மன்னை மைந்தன்

தேவகி அம்மா எழுதியதைப் படித்த பிறகு என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். பாட்டியிடம் கேட்டேன். எனக்கு ஆறு வயதில் மஞ்சள்காமாலை வந்தபோது, ஊர் டாக்டர் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர் என்பதால் ஒன்றும் கேட்கவில்லையாம். தெரியாத ஊரில், தெரியாத கவுன்ட்டரில் அது நடக்காது என்பது சரிதான்.

ஆனால் எனக்கு வேறு ஒரு பயம். எழுதிக் கொடுத்த பிறகு, "பிள்ளை எங்களிடம்தான் வளர்ந்தாள், தர மாட்டோம்" என்று யாராவது நின்றால்? இந்தச் சகோதரியின் அக்காவைச் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்கிறேன்.

நீதிமன்றத் தெரு

கேட்க வேண்டிய கேள்விதான். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று, மகாராஷ்டிராவிலிருந்து போனது. தாய்க்குப் புற்றுநோய், தகப்பனும் கடும் நோயில் படுத்துவிட்டார். கைக்குழந்தையைத் தாயின் சகோதரிகள் பார்த்துக்கொண்டார்கள். தாய் இறந்துவிட்டார், தகப்பன் குணமாகிக் குழந்தையைக் கேட்டார், அவர்கள் தரவில்லை. ஆட்கொணர்வு மனு போட்டார். உயர் நீதிமன்றம் தகப்பனிடம் கொடுக்கச் சொன்னதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சகோதரிகள் பாசத்தோடு வளர்த்ததைக் கோர்ட் மறுக்கவில்லை, அவர்கள் வந்து பார்க்கவும் வழி செய்தது. ஆனால் நெருக்கடி நேரத்தில் கவனித்துக்கொண்டது, நல்லபடி இருக்கும் தகப்பனின் உரிமையை அழித்துவிடாது.

தேதியும் "உரிமை எங்களிடமே" என்ற வரியும் இதற்காகத்தான். காகிதம் இல்லாமல் விட்டால்தான், "எங்களிடமே கொடுத்துவிட்டார்கள்" என்று பிறகு பேச இடம் வரும்.

இன்னும் ஒன்று, மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவர் அதோடு முடிந்துவிடும். ஆகவே கிளம்பும் முன் நீங்கள் இருவரும் ஆளுக்கொரு உயில் எழுதி, எங்கள் இருவருக்கும் ஏதாவது ஆனால் மகளுக்கு அக்கா பாதுகாவலர் என்று வையுங்கள். 1956 இந்து சிறார், பாதுகாவலர் சட்டத்தின் 9-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் வேண்டும்.

தேவகி சித்தி

எனக்குப் படிப்பு கம்மி, ஒரு பழக்கத்தை மட்டும் சொல்கிறேன். அசலைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். பழைய ஸ்கூல் பை ஒன்றில் நகல் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்காது என்று பெரிய எழுத்தில் ஒரு தாள், அப்பா அம்மா நம்பர், அவர்கள் வேலை செய்யும் இடத்து நம்பர், எல்லாம் போட்டுக் கதவு ஓரம் ஆணியில் மாட்டுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் வீட்டில் அப்படித்தான் மாட்டியிருந்தேன். பையன் தோஹா போன பிறகும் கொஞ்ச நாள் கழற்ற மனம் வரவில்லை.

காவிரிக்கரை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். பத்திரத்தைப் பற்றி எப்படி எடுப்பது என்று பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தேன். காபி கொடுக்கும்போது அக்காவே கேட்டாள்: "இவளுக்கு ஏதாவது என்றால் நான் கையெழுத்துப் போடலாமாடி? எனக்கு அதுதான் பயம்." அவளுக்கும் தூக்கம் இல்லையாம். தேவகி அம்மா எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அத்தான் எழுந்து போய் ஆணி அடித்துவிட்டார்.

பாஸ்போர்ட் பார்த்தேன், இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது. அவர் மஸ்கட்டில் தூதரகச் சேவைக்கு நேரம் வாங்கிவிட்டார், அடுத்த வியாழன். உயிலும் எழுதிவிடுகிறோம். அந்தத் தாளை எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை, ஆனாலும் எழுதுவேன்.

இன்று சாயங்காலம் வாசகத்தைத் தட்டச்சு செய்து வாங்கி வந்து மேஜையில் வைத்திருந்தேன். மகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, "அம்மா, என் இனிஷியல் தப்பு" என்றாள். பார்த்தால், பிறப்புச் சான்றிதழில் ஒரே எழுத்துதான், இதில் தாத்தா எழுத்தையும் சேர்த்து இரண்டு போட்டிருக்கிறார்கள். நாங்கள் நாலு பேர் படித்தும் கண்ணில் படவில்லை. பேனாவால் அடித்துத் திருத்தினால் போதுமா ஐயா?

நீதிமன்றத் தெரு

அடித்துத் திருத்த வேண்டாம் அம்மா. புதிதாகவே தட்டச்சு செய்து, அதே கோப்பை அவருக்கும் அனுப்புங்கள், இரண்டு தாளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வியாழனுக்கு முன் அனுப்பிவிடுங்கள். அனுப்புவதற்கு முன் மகளிடம் இன்னொரு தரம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.